இணையரோடு சேர வெளிநாடு போறீங்களா? அந்த விசா யாரை நம்பி நிற்குதுன்னு முதலில் பாருங்க

கொச்சி மாநகராட்சி எல்லைக்குள் நடந்த கல்யாணத்தைப் பதிவு செய்ய இப்போதெல்லாம் அலுவலக வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. 2024 ஜனவரி 1 அன்று கேரள அரசு தொடங்கிய கே-ஸ்மார்ட் தளத்தில் விண்ணப்பித்து, வீடியோ கேஒய்சி மூலம் அடையாளத்தை உறுதி செய்தால் போதும். கணவர் மட்டாஞ்சேரியில் இருக்கலாம், மனைவி மான்செஸ்டரில் இருக்கலாம். இருவரும் ஒரே இடத்தில் இல்லாமலே திருமணச் சான்றிதழ் கைக்கு வந்துவிடும்.

ஆனா அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு கணவர் மான்செஸ்டருக்குப் போய்விட முடியுமா? அதற்கான பதில் சான்றிதழில் இல்லை, மனைவி அங்கே எந்த விசாவில் இருக்கிறார் என்பதில் இருக்கிறது. அவர் நர்ஸ் என்றால் கணவர் போகலாம். 2024 மார்ச் 11-க்குப் பிறகு அந்த வேலைப் பிரிவுக்குள் வந்த பராமரிப்புப் பணியாளர் என்றால் கணவரை அழைக்க முடியாது. 2024 ஜனவரிக்குப் பிறகு சேர்ந்த சாதாரண எம்.எஸ்சி மாணவி என்றாலும் முடியாது. பிரிட்டன் குடியுரிமை பெற்றவர் என்றால் அழைக்கலாம், ஆனால் பொதுவாக ஆண்டுக்கு 29,000 பவுண்ட் வருமானம் காட்ட வேண்டும்.

இணையரோடு சேர விசா தேடும்போது பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது 'எது சீக்கிரம் கிடைக்கும்?' என்பதுதான். செலவு அடுத்த கேள்வி. அந்த இரண்டையும்விட வாழ்க்கையை அதிகம் பாதிக்கும் கேள்வி வேறு: அந்த விசா யாரை நம்பி நிற்கிறது? இணையருக்கு வேலை போனாலோ, உறவு முறிந்தாலோ, அரசு விதியை மாற்றினாலோ உங்கள் நிலை என்ன? இதை வைத்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

ஏன் இப்போ இது முக்கியம்?

வெளிநாடு போகிறவர் யார், எங்கே போகிறார் என்ற கணக்கு மாறிக்கொண்டிருக்கிறது. 2023 கேரள இடம்பெயர்வு ஆய்வின்படி, வெளிநாட்டில் இருக்கும் கேரளத்தவர் சுமார் 22 லட்சம். அவர்களில் பெண்களின் பங்கு 2018-ல் 15.8 சதவீதமாக இருந்தது, 2023-ல் 19.1 சதவீதமாக உயர்ந்தது. வெளிநாட்டில் படிக்கும் மாணவர்கள் அதே ஐந்து ஆண்டில் ஏறத்தாழ இரு மடங்காகி, சுமார் 2.5 லட்சம் ஆனார்கள். வளைகுடா நாடுகளின் பங்கு 2018-ல் 89 சதவீதத்தைத் தாண்டியிருந்தது, 2023-ல் 80.5 சதவீதமாகக் குறைந்தது.

அந்த ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. வெளிநாடு சென்ற பெண்களில் 71.5 சதவீதம் பேர் பட்டதாரிகள். ஆண்களில் அது 34.7 சதவீதம்தான்.

கணவர் முதலில் போய் வேலை தேடிக்கொண்டு, பிறகு மனைவியை அழைப்பது என்ற பழைய வரிசை இனி எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. பல வீடுகளில் மனைவி முதலில் போகிறார், கணவர் 'டிபெண்டென்ட்' ஆகிறார். யார் யாரைப் பின்தொடர்ந்தாலும், பின்தொடர்கிறவருக்கும் பெரும்பாலும் ஒரு பட்டமும் ஒரு வேலையும் இருக்கிறது. தவறான விசாவில் போனால் அவர் இழப்பது அதைத்தான்.

மட்டாஞ்சேரிக்கு இது புதுசு இல்லை

குடும்பத்தோடு போவதா, தனியாகப் போவதா என்பதை விசா வகைதான் தீர்மானிக்கிறது என்பதற்கு மட்டாஞ்சேரியிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. இங்குள்ள பரதேசி யூத ஆலயம் 1568-ல் கட்டப்பட்டது. இஸ்ரேல் உருவான பிறகு கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தார்கள். அதற்கு வழி செய்தது 1950-ல் இயற்றப்பட்ட 'திரும்பும் உரிமை' சட்டம். 1970-ல் அதைத் திருத்தி, யூதரின் வாழ்க்கைத் துணை யூதராக இல்லாவிட்டாலும் அவருக்கும் குடியேறும் உரிமை கொடுத்தார்கள்.

இன்றும் கேரளத்திலிருந்து பலர் இஸ்ரேலுக்குப் போகிறார்கள், முதியோரைப் பராமரிக்கும் வேலைக்காக. அந்த வேலை விசாவில் போகிறவர் கணவனையோ மனைவியையோ குழந்தைகளையோ கூட்டிப்போக முடியாது. ஒரே மாநிலம், ஒரே நாடு, ஆனால் ஒருவருக்குத் துணை என்பது சட்ட உரிமை, இன்னொருவருக்குத் தடை. எந்தக் கதவு வழியாக உள்ளே போகிறோம் என்பதுதான் இங்கே வித்தியாசம்.

உங்கள் முன்னால் இருக்கும் மூன்று வழிகள்

நாட்டுக்கு நாடு பெயர் மாறும். ஆனால் எல்லாவற்றையும் மூன்று வகைக்குள் அடக்கலாம்.

*முதல் வழி, டிபெண்டென்ட் விசா.* இணையர் வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருக்கிறார், நீங்கள் அவருடைய விசாவின் வால் பிடித்துப் போகிறீர்கள். அவருடைய விசா இருக்கும் வரைதான் உங்களுடையதும்.

*இரண்டாவது வழி, வாழ்க்கைத்துணை விசா.* இணையர் அந்த நாட்டுக் குடிமகன் அல்லது நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவர். உங்கள் உறவை அடிப்படையாக வைத்தே விசா தருகிறார்கள். செலவும் ஆவணமும் அதிகம், ஆனால் நிரந்தர உரிமைக்கான பாதை பெரும்பாலும் தெளிவானது.

*மூன்றாவது வழி, உங்கள் சொந்த விசா.* உங்கள் வேலை, உங்கள் படிப்பு, உங்கள் தகுதி. இணையர் அதே ஊரில் இருப்பது விசாவைப் பொறுத்தவரை தற்செயல்.

முதல் இரண்டைப் பற்றித்தான் சொந்தக்காரர்களும் ஏஜென்ட்டுகளும் அதிகம் பேசுகிறார்கள். மூன்றாவதை 'அது கஷ்டம்' என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுக்குவதற்கு முன் ஒவ்வொரு நாட்டிலும் நிலவரம் என்ன என்று பார்க்கலாம்.

பிரிட்டன்: விதி மாறிய வேகம்

பராமரிப்புப் பணியாளர்கள் குடும்பத்தை அழைக்க முடியாது என்று 2024-ல் தடை வந்ததற்கு அந்நாட்டு அரசு காட்டிய காரணம் ஒரு எண்: 2023 செப்டம்பரோடு முடிந்த ஓராண்டில் சுமார் 1 லட்சம் பராமரிப்புப் பணியாளர்களோடு ஏறத்தாழ 1.2 லட்சம் டிபெண்டென்ட்டுகள் வந்தார்கள். 2025 ஜூலை 22 முதல் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். பட்டப்படிப்பு நிலைக்குக் கீழே உள்ள வேறு பல வேலைகளில் புதிதாகச் சேர்கிறவர்களும் அன்று முதல் குடும்பத்தை அழைக்க முடியாது.

நர்ஸ், டாக்டர், ஐடி பொறியாளர் போன்ற வேலை விசாக்காரர்களின் துணைக்கு இன்னும் வழி இருக்கிறது. அந்த டிபெண்டென்ட் விசாவில் தொழில்முறை விளையாட்டு தவிர ஏறக்குறைய எந்த வேலையும் செய்யலாம். நர்ஸ் போன்ற சுகாதாரப் பணி விசாவில் இருப்பவரின் துணைக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்ட் சுகாதாரக் கட்டணமும் கிடையாது.

குடிமகனின் துணையாகப் போகிறவருக்குக் கணக்கு வேறு. 2024 ஏப்ரல் 11-ல் வருமான வரம்பு 18,600 பவுண்டிலிருந்து 29,000-க்கு உயர்ந்தது. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும்போது பிரிட்டனில் இருக்கும் இணையரின் சம்பளத்தைத்தான் பார்ப்பார்கள். கொச்சி இன்ஃபோபார்க்கில் நீங்கள் வாங்கும் சம்பளம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அந்தக் கணக்கில் சேராது. வருமானமே காட்டாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்ட் ஆறு மாதம் கணக்கில் இருக்க வேண்டும். விசா 33 மாதத்துக்கு. அதற்கான சுகாதாரக் கட்டணம் மட்டும் 3,105 பவுண்ட்.

அப்படியானால் டிபெண்டென்ட் விசாதான் மலிவா? இன்றைய கணக்கில் ஆமாம். ஆனால் 2025 நவம்பரில் பிரிட்டன் அரசு முன்வைத்த திட்டத்தில், வேலை விசாக்காரர்களுக்கு நிரந்தர உரிமை பெறும் காலம் 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாகிறது. டிபெண்டென்ட்டுகள் தங்கள் தகுதியைத் தனியாக நிரூபிக்க வேண்டும். குடிமகனின் துணைக்கு மட்டும் 5 ஆண்டு என்பதை அப்படியே வைத்தார்கள். மலிவான வழி நீளமான வழியாகவும் மாறக்கூடும்.

அமெரிக்கா: வேலை செய்ய முடியுமா?

எச்-1பி விசாக்காரரின் துணைக்குக் கிடைப்பது எச்-4. அதில் போய் இறங்கியதும் வேலை பார்க்க முடியாது. 2015 மே 26 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, இணையரின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால், அல்லது அதற்கான செயல்முறை நிலுவையில் இருப்பதால் ஆறு ஆண்டு வரம்பைத் தாண்டி எச்-1பி நீட்டிக்கப்பட்டிருந்தால் மட்டுமே வேலை அனுமதி கேட்கலாம். 2017 இறுதி வரை இந்த அனுமதி பெற்றவர்களில் 10-ல் 9 பேருக்கு மேல் இந்தியாவில் பிறந்தவர்கள், அதே அளவுக்குப் பெண்கள். 2025 அக்டோபர் 30 முதல் இன்னொரு சிக்கல்: புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டால் பழைய அனுமதி தானாக நீளும் என்ற வசதியை நீக்கிவிட்டார்கள். புது அட்டை வரத் தாமதமானால் வேலை நின்றுபோகும்.

நிறுவனத்துக்குள்ளேயே மாற்றலாகிப் போகும் எல்-1 விசாக்காரரின் துணைக்கு நிலைமை மேல். 2021 நவம்பர் முதல் எல்-2 துணைக்கு அந்த அந்தஸ்தோடு வேலை உரிமையும் வருகிறது. மாணவரின் துணையான எஃப்-2-வுக்கு வேலை உரிமையே இல்லை. ஆக, இணையருக்கு எச்-1பி, எல்-1 இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், அந்த முடிவு அவருடைய சம்பளத்தை மட்டும் வைத்து எடுக்கக்கூடியது அல்ல.

இணையர் அமெரிக்கக் குடிமகன் என்றால் துணைக்கு ஆண்டு ஒதுக்கீட்டு வரம்பு இல்லை. உள்ளே நுழையும்போது கல்யாணமாகி இரண்டு ஆண்டு முடியாவிட்டால் இரண்டு ஆண்டுக்கான நிபந்தனை கிரீன் கார்டு தருவார்கள்.

கனடா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி, அமீரகம்: சுருக்கமாக

*கனடா:* 2025 ஜனவரி 21 முதல் துணைக்கான திறந்த வேலை அனுமதி சுருங்கிவிட்டது. மாணவர் என்றால் 16 மாதமோ அதற்கு மேலோ நீளும் முதுகலை, முனைவர் பட்டம், சில தொழிற்படிப்புகள் படிக்க வேண்டும். பணியாளர் என்றால் உயர்திறன் வேலையிலோ குறிப்பிட்ட சில துறைகளிலோ இருக்க வேண்டும், அனுமதியில் குறைந்தது 16 மாதம் மிச்சமிருக்க வேண்டும். இணையர் குடிமகனோ நிரந்தரவாசியோ என்றால் துணையை ஸ்பான்சர் செய்யப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான வரம்பு இல்லை.

*ஆஸ்திரேலியா:* துணை விசாவுக்கான கட்டணம் மட்டும் 9,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். ஆனால் கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்பவர்களையும் ஏற்பார்கள், பொதுவாக 12 மாத உறவைக் காட்ட வேண்டும்.

*ஜெர்மனி:* கணவன் மனைவி சேரும் விசாவுக்கு வழக்கமாக ஏ1 நிலை ஜெர்மன் மொழி தெரிந்திருக்க வேண்டும். இணையர் ஐரோப்பிய புளூ கார்டு வைத்திருந்தால் அந்த நிபந்தனை இல்லை. போன நாளிலிருந்தே வேலை செய்யலாம். கல்யாணம் ஆகாத இணையருக்கு இந்த வழி இல்லை.

*ஐக்கிய அரபு அமீரகம்:* மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் இருந்தால் குடும்பத்தை அழைக்கலாம். துணையின் ஸ்பான்சரில் இருந்தபடியே நிறுவனம் மூலம் வேலை அனுமதி பெற முடியும். நம்ம ஊரில் அதிகம் பேருக்குத் தெரிந்த, எளிமையான வழி இதுதான். ஆனால் நிரந்தரக் குடியுரிமைக்கு இது இட்டுச் செல்லாது.

உறவு முறிந்தால்?

கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் யாரும் வாய் திறந்து கேட்காத கேள்வி இது. விசா வகைகளுக்கு இடையே பெரிய வித்தியாசம் தெரிவதும் இங்கேதான்.

அமெரிக்காவில் விவாகரத்து ஆனதும் எச்-4 அந்தஸ்து முடிந்துவிடும். நிபந்தனை கிரீன் கார்டு வைத்திருப்பவர், கல்யாணம் உண்மையானதுதான் என்று காட்டி, முன்னாள் துணையின் கையெழுத்து இல்லாமலே நிபந்தனையை நீக்கக் கேட்கலாம். ஜெர்மனியில் மூன்று ஆண்டு கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்திருந்தால், பிரிந்த பிறகும் தனியாகத் தங்கும் உரிமை கிடைக்கும். கனடாவில் ஸ்பான்சர் வழியாக வந்தவரின் நிரந்தர உரிமைக்கு 'இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ வேண்டும்' என்றிருந்த நிபந்தனையை 2017-ல் நீக்கிவிட்டார்கள். அமீரகத்தில் விவாகரத்தானவர்களும் கணவரை இழந்தவர்களும் ஸ்பான்சர் இல்லாமல் ஓராண்டு தங்க 2018-ல் வழி செய்தார்கள்.

பிரிட்டனில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. குடும்ப வன்முறையால் உறவு முறிந்தால், குடிமகனின் துணையாக வந்தவர் நிரந்தர உரிமைக்கே விண்ணப்பிக்கலாம். வேலை விசாக்காரரின் டிபெண்டென்ட்டாக வந்தவருக்கும் 2024 பிப்ரவரி முதல் மூன்று மாத இடைக்காலப் பாதுகாப்பு கேட்கும் வாய்ப்பு உண்டு, ஆனால் அது நிரந்தர உரிமைக்குப் போகும் பாதை அல்ல. அடி வாங்கியவர் ஒருவரே, சூழ்நிலையும் ஒன்றே. அடுத்து என்ன என்பதை விசா வகை முடிவு செய்கிறது.

வெளிநாடுவாழ் இந்தியர்களின் திருமணப் புகார்களைக் கவனிக்கத் தேசிய மகளிர் ஆணையத்தில் 2009 முதல் தனிப் பிரிவு இருக்கிறது. இந்தியாவில் இருக்கும்போதே இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

'விசிட் விசாவில் போய் அங்கே மாத்திக்கலாம்'

இந்த அறிவுரையை யார் சொன்னாலும் எந்த நாட்டுக்கு என்று திருப்பிக் கேளுங்க. அமீரகத்தில் விசிட் விசாவிலிருந்து குடியிருப்பு விசாவுக்கு மாறுவது வழக்கம்தான். கனடாவில் உள்ளே இருந்தபடி துணை ஸ்பான்சருக்கு விண்ணப்பிக்கும் பிரிவு உண்டு. பிரிட்டனில் விசிட்டராகப் போனவர் உள்ளே இருந்து துணை விசாவுக்கு மாற முடியாது. ஜெர்மனிக்கு இந்தியர்கள் தேசிய விசா வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். அமெரிக்காவுக்குத் தங்கும் எண்ணத்தை மறைத்துச் சுற்றுலா விசாவில் போவது பொய்த் தகவல் தந்ததாகக் கருதப்படலாம். அந்தக் கறை பின்னால் வரும் விண்ணப்பங்களையும் பாதிக்கும்.

காகித வேலை: பெயரில் தொடங்குங்க

தமிழர்களுக்கு முதல் தலைவலி இனிஷியல். ஆதாரில் ஒரு மாதிரி, பட்டச் சான்றிதழில் ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் அப்பா பெயர் முழுசாக, கல்யாணச் சான்றிதழில் வெறும் எழுத்து. விசா அதிகாரிக்கு இவை நாலும் வேறு வேறு ஆட்களாகத் தெரியலாம். அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு விசிட் விசா இல்லை என்று சொன்னபோது நம்ம ஆட்கள் பலர் திண்டாடினார்கள். கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். கல்யாணத்தைப் பதிவு செய்யும் முன்பே, இருவர் கடவுச்சீட்டிலும் இருக்கும் எழுத்துக்கு எழுத்து அப்படியே சான்றிதழில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்க.

அடுத்து பதிவு. கேரளத்தில் எந்த மதமானாலும் 2008-ம் ஆண்டுப் பொது விதிகளின்படி உள்ளாட்சி அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் நடந்த கல்யாணம் என்றால் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், அதைத் தவறவிட்டால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள். சிறப்புத் திருமணச் சட்டப்படி செய்வதென்றால் 30 நாள் நோட்டீஸ் காலத்தையும் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்க. அமீரகம் போன்ற நாடுகளுக்குச் சான்றிதழில் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று வரிசையாக முத்திரை வேண்டும். கேரளச் சான்றிதழ்களுக்கு இந்த வேலையை எர்ணாகுளத்தில் உள்ள நோர்கா ரூட்ஸ் மையத்தில் முடிக்கலாம்.

கல்யாணம் செய்யாத இணையர்களுக்குப் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியாவில் வழி உண்டு. 2024 ஜனவரி 31 முதல் பிரிட்டன், ஒரே வீட்டில் இரண்டு ஆண்டு வாழ்ந்ததற்கான ஆதாரத்தைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. கல்யாணத்துக்கு நிகரான உறவு இரண்டு ஆண்டாக இருப்பதைக் காட்டினால் போதும். ஒருபால் இணையர்களுக்கு இது பெரிய விஷயம். 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் அவர்கள் திருமணத்தை அங்கீகரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்ததால், இங்கே சான்றிதழ் வாங்க வழியில்லை. வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, பயணச் சீட்டுகள், செய்திப் பரிமாற்றம் ஆகியவைதான் ஆதாரம். அவற்றை இன்றிலிருந்தே சேர்த்து வையுங்க.

முடிவெடுக்கும் முன் இருவரும் உட்கார்ந்து பேச 6 கேள்விகள்

1. இணையரின் விசா எப்போது முடிகிறது? அவருக்கு வேலை போனால் எத்தனை நாள் அவகாசம்? அமெரிக்க எச்-1பி என்றால் அதிகபட்சம் 60 நாள், துணைக்கும் அதேதான்.

2. போன முதல் நாளே நான் வேலை செய்யலாமா? இல்லை என்றால் எப்போது, எந்த நிபந்தனையில்?

3. எனக்கான நிரந்தர உரிமைக் கணக்கு எந்தத் தேதியில் தொடங்கும்? அது இணையருடைய கணக்கோடு ஒட்டியதா, தனியா?

4. வருமான வரம்பில் யாருடைய சம்பளம் சேரும்?

5. பிரிவோ மரணமோ நேர்ந்தால் நான் அங்கே தங்க முடியுமா?

6. ஆறு மாதமோ ஓராண்டோ தாமதமானாலும் பரவாயில்லை என்று என் சொந்த வேலை விசாவுக்கு முயற்சி செய்தால் என்ன?

ஆறாவது கேள்விக்கு எல்லோருக்கும் 'ஆமாம்' என்ற பதில் கிடைக்காது. 2025 செப்டம்பர் 21 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாக எச்-1பி-க்கு ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் விதித்தபோது, அமெரிக்காவுக்கு அந்த வழி பலருக்கு மூடிப்போனது. ஆனால் ஒரு நர்ஸின் கணவரும் நர்ஸ் என்றால், புளூ கார்டுக்காரரின் மனைவியும் பொறியாளர் என்றால், கணக்கு வேறு மாதிரி வரலாம். டிபெண்டென்ட்டாகப் போய் அங்கிருந்தே சொந்த வேலை விசாவுக்கு மாறுவதும் ஒரு வழி. பிரிட்டனில் வேலை விசாக்காரரின் துணை, தகுதியான வேலை கிடைத்தால் அப்படி மாற முடியும். அப்படி ஒரு திட்டம் இருந்தால், அங்கே உங்கள் பட்டத்துக்கு அங்கீகாரம் வாங்கும் வேலையை இங்கிருந்தே தொடங்கிவிடலாம்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். மேலே சொன்ன விதிகளில் பெரும்பாலானவை 2024, 2025 ஆண்டுகளில் மாறியவை. சொந்தக்காரர் 2022-ல் எப்படிப் போனார் என்பது இன்று வழிகாட்டி ஆகாது. கட்டணம் கட்டும் நாளில் அந்தந்த நாட்டு அரசு இணையதளத்தில் விதியைப் படித்து, அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்து வையுங்க. விதி மாறும்போது, நீங்கள் விண்ணப்பித்த தேதிதான் பல நேரம் உங்களுக்கு எந்த விதி பொருந்தும் என்பதை முடிவு செய்யும்.